லுசாகாவிலிருந்து லுவாங்வாவுக்கு: தம்பதியராகச் சஃபாரி செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நானும் என் கணவரும் வேலை நிமித்தமாகச் சாம்பியாவின் தலைநகரான லுசாகாவுக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் நான்கு முறை தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவுக்குச் சென்று வந்துவிட்டோம். இங்கே புதிதாகக் குடியேறும் நம் தம்பதியர் பலர், ‘அப்புறம் போய்க்கொள்ளலாம்’ என்று ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போட்டு, ஒப்பந்தம் முடிந்து பெட்டி கட்டும் வாரத்தில்தான் இந்தப் பூங்காவை நினைக்கிறார்கள். அப்படி ஒருவரும் இதைத் தவறவிடக் கூடாது என்ற எண்ணத்தில், எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு விடையெழுதியிருக்கிறேன்.

ஆப்பிரிக்கா என்றால் செரெங்கெட்டியும் மாசாய் மாராவும்தானே நினைவுக்கு வருகின்றன. லுவாங்வாவுக்கு ஏன் போக வேண்டும்?

அவை இரண்டும் மகத்தான இடங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சாம்பியாவில் குடியிருக்கும் ஒருவர் எல்லை தாண்டாமல், கடவுச்சீட்டைக்கூடப் புரட்டாமல், அதற்கு இணையான ஒன்றைப் பார்க்க முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஏறத்தாழ 9,050 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பூங்காவின் உயிர்நாடி லுவாங்வா ஆறு. இதன் முதன்மை ஓட்டத்தில் எங்கும் அணை இல்லை. அதனால் மழைக்காலத்தில் கரையை அறுத்துக்கொண்டு தன் போக்கில் திரும்புகிறது. கைவிட்டுப் போன பழைய வளைவுகள் குதிரை லாட வடிவ ஏரிகளாக நின்றுவிடுகின்றன. கோடையில் உள்காட்டுக் குட்டைகள் வற்றியதும் யானை, எருமை, மான் எல்லாம் ஆற்றையும் இந்த ஏரிகளையும் தேடி வர, அவற்றைத் தேடிச் சிங்கமும் சிறுத்தையும் வருகின்றன. நீர்யானைகள் இவ்வளவு நெருக்கமாக வாழும் ஆறுகள் ஆப்பிரிக்காவிலேயே மிகக் குறைவு. உடலில் கரும்பழுப்புத் திட்டுகளும் முழங்காலுக்குக் கீழே வெளிறிய நிறமும் கொண்ட தார்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கியை இந்தப் பள்ளத்தாக்கைத் தவிர வேறெந்தக் காட்டிலும் காண முடியாது.

இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். தெற்கு லுவாங்வாவில் காண்டாமிருகம் கிடையாது. கள்ள வேட்டை அவற்றை முற்றாக அழித்துவிட்டது. வடக்கு லுவாங்வா என்ற வேறொரு பூங்காவில் 2003 முதல் கருப்புக் காண்டாமிருகங்களை மீண்டும் கொண்டுவந்து வளர்க்கிறார்கள். சிவிங்கிப்புலியை (சீட்டாவை)ப் பார்க்கும் ஆசையோடும் இங்கே வர வேண்டாம்.

எத்தனை நாள் தங்குவது நல்லது?

குறைந்தது நான்கு இரவுகள், அதுவும் ஒரே இடத்தில். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான். முதல் முறை நாங்கள் இரண்டு இரவுகளுக்குத்தான் சென்றோம். சிங்கம் எங்கே, சிறுத்தை எங்கே என்று வழிகாட்டியைத் துளைத்தெடுத்தோம். ஒன்றைப் பார்த்துப் படமெடுத்தவுடன் அடுத்ததற்குக் கிளம்பச் சொன்னோம். வீடு திரும்பிப் படங்களைப் பார்த்தபோது எல்லாம் இருந்தன, ஆனால் எதையும் பார்த்த நினைவு இருவருக்குமே இல்லை.

இரண்டாவது பயணத்தில் ஐந்து இரவுகள் தங்கினோம். மூன்றாம் நாள் அந்தியில், புகு என்னும் செம்பொன் நிற மான்களின் கூட்டத்தில் ஒன்று இடைவிடாமல் சீழ்க்கையடித்தது. வழிகாட்டி வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். மானின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். இருபது நிமிடம் ஒன்றுமே இல்லை. பிறகு, முப்பது அடி தள்ளியிருந்த ஒரு மரத்தின் கிளையில் நாங்கள் காய்ந்த கொடி என்று நினைத்துக்கொண்டிருந்தது அசைந்தது. அது ஒரு பெண் சிறுத்தையின் வால். அது மெதுவாக எழுந்து, முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்து, தலை கீழாக அடிமரத்தில் இறங்கி, எங்கள் வண்டியின் முன்சக்கரத்தை ஒட்டி நடந்து புல்லுக்குள் போயிற்று. அதன் முதுகில் ஒட்டியிருந்த மரப்பட்டைத் துணுக்குகூட எனக்குத் தெரிந்தது. என் கணவர் கேமராவைத் தொடவே இல்லை. இரண்டு இரவு மட்டும் தங்கியிருந்தால் அந்த இருபது நிமிடத்தைக் காத்திருக்க எங்களுக்கு மனம் வந்திருக்காது.

எந்த மாதத்தில் செல்லலாம்?

மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஜூன், ஜூலை மாதங்களில் பகல் இதமாக இருக்கும். ஆனால் விடியற்காலையில் திறந்த வண்டியில் போகும்போது குளிர் எலும்பைத் துளைக்கும். ‘ஆப்பிரிக்காவில் என்ன குளிர்’ என்று கம்பளி உடையை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள் முதல் நாளே வருந்துவார்கள். செப்டம்பரும் அக்டோபரும் விலங்குகளைப் பார்க்க மிகச் சிறந்தவை, ஏனென்றால் நீர் இருக்கும் இடங்கள் சுருங்கிவிடுகின்றன. அக்டோபரில் வெப்பம் 40 பாகையைத் தாண்டவும் கூடும்.

எங்கள் விருப்பம் செப்டம்பர். அப்போது செந்நிறப் பஞ்சுருட்டான்கள் பெருங்கூட்டமாக வந்து, செங்குத்தான ஆற்றங்கரை மண்ணில் துளையிட்டுக் கூடு வைக்கின்றன. கரை முழுவதும் குங்குமம் கொட்டி வைத்ததுபோல் இருக்கும். ஒரு பருந்தின் நிழல் விழுந்தால் அந்தக் குங்குமம் அத்தனையும் ஒரே நொடியில் வானத்துக்கு எழும்பும்.

நவம்பரிலிருந்து மழை. லுவாங்வாவின் பல தடங்கள் கரிசல் மண்ணில் அமைந்தவை. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக்காரர்களுக்கு மழைக்குப் பின் கரிசலில் வண்டி என்ன பாடுபடும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உள்காட்டு முகாம்கள் பலவும் அப்போது மூடப்படும். இருந்தாலும் பசுமையும் மான்குட்டிகளும் வலசைப் பறவைகளும் குறைந்த கட்டணமும் வேண்டுவோர் மழைக்காலத்திலும் போகலாம்.

லுசாகாவிலிருந்து எப்படிச் செல்வது?

விமானத்தில் சென்றால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ம்ஃபுவே விமான நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து பூங்கா வாயில் சுமார் 25 கிலோமீட்டர். தங்குமிடத்தாரே வண்டி அனுப்பி அழைத்துக்கொள்வார்கள்.

சாலையில் சென்றால் கிரேட் ஈஸ்ட் ரோட்டில் சிப்பாட்டா வரை ஏறக்குறைய 570 கிலோமீட்டர், பிறகு ம்ஃபுவேவுக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் முடிக்க முடியும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் விளக்கில்லாத மிதிவண்டிகளும், ஆடுகளும், பழுதாகி நின்ற லாரிகளும் இருக்கும். லாரிக்காரர்கள் எச்சரிக்கைக்காகச் சாலையில் போட்டு வைக்கும் மரக்கிளைகள் கண்ணுக்குத் தெரிவதற்குள் சக்கரம் அவற்றின் மேல் ஏறிவிடும். மூன்றாவது பயணத்தில் லுவாங்வா பாலத்தைக் கடந்த பின் எங்கள் டயர் வெடித்தது. வாடகைக்கு எடுத்த அந்த வண்டியில் இருந்த மாற்று டயரில் காற்றே இல்லை. வண்டியை வாங்கும்போதே நாங்கள் அதைக் கையால் அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். சாலையோரத்தில் மூன்று மணி நேரம் நின்றபோது, பக்கத்துக் கிராமத்துப் பெண்மணி ஒருவர் எங்களுக்கு இரண்டு முக்காலிகளைக் கொண்டுவந்து மரநிழலில் போட்டுக் கொடுத்தார். அதை நாங்கள் இன்றுவரை மறக்கவில்லை.

சிப்பாட்டாவில் ஓர் இரவு தங்குவது நல்லது. பல தலைமுறைகளாக அங்கே வாழும் குஜராத்தி வணிகக் குடும்பங்கள் இருப்பதால் பருப்பு, மசாலா, ஆட்டா எல்லாம் கடைத்தெருவிலேயே கிடைக்கும்.

செலவு கட்டுப்படியாகுமா?

பூங்கா நுழைவுக் கட்டணத்திலும் பெரும்பாலான தங்குமிடங்களிலும் வெளிநாட்டுப் பயணிக்கு ஒரு விலை, சாம்பியாவில் குடியிருப்பவருக்கு ஒரு விலை. முன்பதிவு செய்யும்போதே ‘நாங்கள் இங்கே வசிப்பவர்கள்’ என்று எழுதிக் கேளுங்கள். வேலை அனுமதி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், கணவன், மனைவி இருவருடையதையும். ஆற்றங்கரையில் பூங்காவுக்கு வெளியே உள்ள கூடார மைதானங்கள் சிக்கனமானவை. காட்டுக்குள்ளே ஆறேழு குடில்கள் மட்டும் கொண்ட முகாம்கள் விலை மிகுந்தவை. பணம் அளவாக இருந்தால், உயர்ந்த முகாமில் இரண்டு இரவு என்பதைவிட எளிய இடத்தில் ஐந்து இரவு என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

தங்குமிடத்தைச் சுற்றி வேலி இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. இரவில் நீர்யானைகள் ஆற்றிலிருந்து ஏறி, கூடாரத்தை ஒட்டியிருக்கும் புல்லை மேயும். நள்ளிரவில் விழித்தபோது தலைமாட்டில் யாரோ பெரிய கத்தரிக்கோலால் துணி கிழிப்பது போன்ற ஒலி கேட்டது. அது நீர்யானை புல்லைப் பிய்த்துத் தின்னும் ஒலி என்று புரிய எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. கூடாரத்துக்குள் இருக்கும்வரை அச்சப்பட வேண்டியதில்லை. இருட்டிய பின் காவலர் துணையின்றி வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை. கழிப்பறை வெளியே இருந்தால் படுப்பதற்கு முன்பே போய்வந்துவிடுங்கள்.

பழங்களைக் கூடாரத்திலும் காரிலும் வைக்காதீர்கள். மாம்பழம், ஆரஞ்சு வாசனைக்கு யானை கார்க்கதவையே பெயர்த்துவிடும். பூங்காவுக்குள் உள்ள ஒரு தங்குமிடம், நவம்பர் வாக்கில் முற்றத்திலுள்ள காட்டு மாமரத்தைத் தேடி யானைக் குடும்பம் ஒன்று வரவேற்புக் கூடத்தின் வழியாகவே நடந்துபோவதற்குப் பெயர் பெற்றது.

சொந்த வண்டியில் சுற்றலாமா, வழிகாட்டியோடு செல்ல வேண்டுமா?

சொந்த வண்டிக்கு அனுமதி உண்டு, ஆனால் பகலில் மட்டும். இரவுச் சஃபாரி வழிகாட்டியோடுதான். முதுமலையிலும் யாலாவிலும் அந்தியோடு வாயில் மூடப்படுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இரவில் காட்டுக்குள் செல்ல முடிவதே பெரும் வாய்ப்பு. புனுகுப்பூனை, முள்ளம்பன்றி, கழுதைப்புலி ஆகியவற்றின் உலகம் அப்போதுதான் திறக்கிறது. நல்ல வழிகாட்டி விளக்கொளியை மான்களின் கண்ணில் நேரே பாய்ச்சமாட்டார். கண் கூசி நிற்கும் மான் சிறுத்தைக்கு எளிய இரையாகிவிடும். ஒளியை அப்படி நிறுத்தச் சொல்லி நீங்களும் கேட்காதீர்கள்.

நடைச் சஃபாரி ஆபத்தானதா?

ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். முறையாகச் சென்றால் அஞ்சத் தேவையில்லை. காட்டை நடந்து பார்க்கும் வழக்கத்தைச் சுற்றுலாவாக வளர்த்த மண் இது. நார்மன் கார் என்ற வனவிலங்கு அதிகாரி, குண்டா மக்களின் தலைவர்களில் ஒருவரான ந்செஃபுவின் இசைவோடு 1950இல் இங்கே சில குடிசைகளைக் கட்டிப் பயணிகளை அழைத்தார். வருவாய் அம்மக்களுக்கே சேர்ந்தது. விலங்கு உயிரோடு இருப்பதால் ஊருக்குப் பயன் உண்டு என்பதை அந்தக் காலத்திலேயே செய்து காட்டியவர் அவர். நடைச் சஃபாரியும் அவர் தொடங்கியதுதான். பூங்கா 1972இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

துப்பாக்கி ஏந்திய வனத்துறைக் காவலர் முன்னே, அடுத்து வழிகாட்டி, அவருக்குப் பின் நாம் ஒருவர்பின் ஒருவராக. பேச்சு இல்லை. எது வந்தாலும் ஓடக் கூடாது. சிங்கத்தைத் தேடிப் போகும் நடையல்ல இது. எங்கள் வழிகாட்டி ஓர் யானைப் பிண்டத்தின் முன் மண்டியிட்டு, காய்ந்த கட்டியைக் கையால் பிளந்து காட்டினார். உள்ளே நாரும் சுள்ளியும், அவற்றுக்கிடையே பளபளவென்று நான்கு புளியங்கொட்டைகள். நான் சட்டென்று தமிழிலேயே ‘புளியங்கொட்டை’ என்று சொல்லிவிட்டேன். பேசாதீர்கள் என்று சொன்னவரே சிரித்துவிட்டார். புளிய மரத்தின் தாயகம் ஆப்பிரிக்காதான் என்பதை அன்றுதான் அறிந்தேன். பள்ளத்தாக்கில் பழைய கரையான் புற்றுகளின் மேல் அது செழித்து வளர்கிறது; யானை தின்று வெளியேற்றும் கொட்டை புதிய இடத்தில் முளைக்கிறது. மன்னாரில் பெருக்கமரம் என்றும், இராமநாதபுரம் பக்கத்தில் பொந்தன்புளி என்றும் சொல்லப்படும் பாவோபாப் மரங்களும் இங்கே அடிமரம் யானைத் தந்தங்களால் கிழிபட்ட நிலையில் நிற்கின்றன. ஒரு கொட்டையை எடுத்துக்கொள்ளலாமா என்று நான் சைகையில் கேட்க, அவர் தலையசைத்து மறுத்து, அதை இருந்த இடத்திலேயே வைத்தார். காட்டிலிருந்து எதையும் எடுத்துச் செல்லக் கூடாது.

சிறு பிள்ளைகளை நடைக்கு அழைத்துச் செல்லமாட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர் முந்தைய நாளே சொல்லிவிட்டால் நடையின் தூரத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

இங்கே பல யானைகளுக்குத் தந்தமே இல்லையே, ஏன்?

கவனித்துக் கேட்பவர்களின் கேள்வி இது. நம் நாட்டில் ஆண் யானைக்குத்தான் தந்தம். தந்தமில்லாத ஆணை மக்னா என்கிறோம். ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. 1970களிலும் 80களிலும் லுவாங்வாவில் தந்தத்துக்காக யானைகள் கொன்று குவிக்கப்பட்டன. தந்தம் உள்ளவை வீழ, இயல்பிலேயே தந்தமின்றிப் பிறந்தவை தப்பிப் பிழைத்து அந்தக் குணத்தைத் தம் கன்றுகளுக்கு விட்டுச் சென்றன. 1969இல் பெண் யானைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே தந்தமற்றது. 1989இல் அது மூன்றில் ஒன்றுக்கும் மேலாகிவிட்டது. நீங்கள் பார்க்கும் கூட்டத்தில் ஒரு வயதான தாய் யானை மொட்டை முகத்தோடு கன்றை அணைத்து நின்றால், அது அந்தக் கொலைக்காலத்தைத் தாண்டி வந்த வம்சம். தந்தத்தில் செய்த எந்தப் பொருளையும், எவ்வளவு பழையது என்று சொன்னாலும், வாங்காதீர்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

முன்கூட்டியே எழுதிச் சொன்னால் கிடைக்கும். முட்டையும் வேண்டாம் என்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். ந்ஷிமா என்னும் மக்காச்சோளக் களி, கீரையும் நிலக்கடலையும் சேர்த்த குழம்போடு நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துவரும். கொஞ்சம் பருப்புப்பொடியும் ஊறுகாயும் இறுக மூடிய டப்பாவில் எடுத்துச் சென்று சமையலறையில் கொடுத்து வைத்தால், ஐந்து நாளும் கவலையில்லை.

என்ன உடை அணியலாம்?

காக்கி, மங்கிய பச்சை, சாம்பல். கருநீலமும் கறுப்பும் ட்செட்ஸி ஈயை இழுக்கும். அதன் கடி ஊசி குத்தியது போலிருக்கும், ஜீன்ஸ் துணி வழியாகவும் கடிக்கும். இராணுவத்தினர் அணிவது போன்ற புள்ளி உடையைச் சாம்பியாவில் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம் என்பதால் அதைப் பெட்டியிலேயே வைக்காதீர்கள். மல்லிகைப்பூவையும் வாசனைத் தைலத்தையும் வீட்டிலேயே விட்டுவிடலாம்.

எனக்கு ஆர்வம் உண்டு, என் துணைக்கு இல்லை. என்ன செய்வது?

வற்புறுத்தி எல்லா வண்டிப் பயணங்களுக்கும் இழுத்துச் செல்லாதீர்கள். என் கணவருக்குப் பறவைகளில் சற்றும் நாட்டமில்லை. அதனால் நண்பகல் வேளைகளில் அவர் திண்ணையில் அமர்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான்காம் நாள், எந்த நீர்யானை எந்த மேட்டில் வெயில் காயும், எது எதைக் கண்டால் விலகும் என்று அவரே எனக்கு விவரிக்கத் தொடங்கிவிட்டார். லுசாகாவில் இருவரும் வேலை, தொலைபேசி, ஊர்க் கவலை என்று ஒரே வீட்டில் இருந்தும் நாட்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம். இங்கே வண்டியில் மணிக்கணக்கில் பேசாமல் அமர்ந்தோம். ஆனால் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரவு உணவின்போது பேசுவதற்கு நிறைய இருந்தது.

மலேரியா மாத்திரை அவசியமா? நாங்கள் இங்கே பல ஆண்டுகளாக வாழ்கிறோமே?

அவசியம். லுசாகாவில் மலேரியா குறைவு. லுவாங்வா அமைந்துள்ள கிழக்குப் பகுதிகளில் அதிகம். தலைநகரில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் அது நமக்குத் தடுப்பாற்றலைத் தந்துவிடாது. எந்த மாத்திரை, எப்போது தொடங்குவது, திரும்பிய பின் எத்தனை நாள் தொடர்வது என்பதை மருத்துவரிடம் கேட்டு அப்படியே பின்பற்றுங்கள். பாதியில் நிறுத்துவோர்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். மாலையில் முழுக்கைச் சட்டை, கொசுவிரட்டிப் பூச்சு, வலை மூன்றும் வேண்டும். கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு மலேரியா தாய்க்கும் சேய்க்கும் பேராபத்து. அந்த நிலையில் பயணத்தைத் தள்ளிவைப்பதே சரி, பூங்கா எங்கும் போய்விடாது.

வீடு திரும்பிய பின் வரும் வாரங்களில் காய்ச்சல் வந்தால், வெறும் அலைச்சல் என்று எண்ணிப் படுத்துவிடாமல், அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். லுவாங்வா சென்று வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். முதல் சோதனையில் இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடாவிட்டால், மறுநாள் மீண்டும் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். உங்களில் ஒருவருக்கு வந்திருந்தால் மற்றவரும் கவனமாக இருங்கள். ஒரே திண்ணையில் ஒரே அந்தியில் அமர்ந்திருந்தவர்கள் நீங்கள்.